எத்தனை சொல்

கௌதம் நகர், மூன்றாம் மாடி.
ஹீட்டரில் ஒரு கம்பிதான் எரிகிறது.
அதைச் சுற்றி ஐந்து பேர், இரண்டு ரஜாய்,
கடலைத்தோல் குவியும் எவர்சில்வர் தட்டு.

சினிமாப் பெயர் கூடாதென்று ஏற்கெனவே தீர்மானம்.
மெம்சா பார்த்த படம் எங்கள் யாருக்கும் தெரியாது,
நாங்கள் பார்த்ததெல்லாம் ஷைனிக்கு ஆகாது.
அதனால் துண்டுச்சீட்டில் வெறும் உலகம்:
சம்பள நாள், கேஸ் சிலிண்டர், வார்டன்,
குளிக்கப் போன பிறகு நின்ற தண்ணீர்.

வாய் திறந்தால் அவுட்.
முதலில் விரல் காட்ட வேண்டும், எத்தனை சொல் என்று.
அப்புறம்தான் கூத்து.
நடிக்க வெட்கப்படும் புஷ்பலீலா
போனில் நேரம் பார்ப்பாள்.

ஷைனி இரண்டு விரல் காட்டினாள்,
பர்ஸைத் திறந்து முத்தமிட்டாள்.
"சம்பள நாள்" என்றேன்.
மெம்சா தோளில் எதையோ ஏற்றி
இல்லாத படியில் இரண்டு அடி வைப்பதற்குள்
"கேஸ் சிலிண்டர்."
"இவளைச் சேர்த்தால் விளையாட்டே இல்லை"
என்று குல்ஃபிஷா என்மேல் கடலை எறிந்தாள்.
அவளுக்குப் பிரசவ வார்டு.
அங்கே எல்லோரும் கத்துகிறார்கள்.

எனக்கு ஐசியூ.
தொண்டைக்குள் குழாய் இறங்கிவிட்டால்
மிச்சம் கைதான்.
உதட்டில் விரல் வைத்தால் தண்ணீர். தர முடியாது.
கட்டில் கம்பியில் இரண்டு தட்டு, சளியை எடு.
மணிக்கட்டைத் தொட்டால் மணி கேட்கவில்லை,
இது பகலா இரவா என்கிறார்கள்.
ஒருவர் மோதிரவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.
வந்துட்டுப் போனாங்க, நீங்க தூங்கிட்டீங்க என்றேன்.
வரவில்லை.

என் முறை.
எடுத்த சீட்டைப் பிரிக்காமல்
ஸ்வெட்டர் பைக்குள் போட்டேன்.
இரண்டு கையையும் முகத்துக்கு மேலே தூக்கி
எதையோ பற்றி, வயிறு வரை இழுத்தேன்.
வலக்கையால் ஒரு திருகு.
பிறகு உள்ளங்கையை விரித்தேன், காலியாக.
மறுபடி முதலில் இருந்து.

"கிணறு!" "கொடிக்கம்பம்!"
"ரயில் சங்கிலி!" "எங்க பள்ளி மணி!"
"எத்தனை சொல்லுன்னு காட்டவே இல்லையே!"
புஷ்பலீலாவின் போன் சேவலாகக் கூவியது.
"சரி, விடையைச் சொல்லித் தொலை."

தெரியாது என்றேன்.
ஏழாம் படுக்கை. நாலு நாளா இதையேதான் செய்றார்.
பேனா கொடுத்தால் நழுவுது.
மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்,
அவன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரம் யாரும் கடலை உடைக்கவில்லை.
"ஷட்டர்" என்றாள் மெம்சா.
"கடை ஷட்டர். இழுத்துப் பூட்டுவது.
கடைசியில் விரிக்கிறாரே, அது சாவி எங்கேன்னு கேட்கிறார்.
எங்க அண்ணன் தினமும் தொலைப்பான்."

எனக்கு அன்று தூக்கம் நன்றாக வந்தது.

காலையில் யூசுஃப் சராயைக் காணோம், பனிமூட்டம்.
கையைக் கழுவிவிட்டு நேரே ஏழுக்குப் போனேன்.
குனிந்து, எனக்குத் தெரிந்த இந்தியில்,
"கடையைச் சாத்தியாச்சு ஐயா.
ஷட்டர் போட்டுப் பூட்டியாச்சு.
சாவி பையன்கிட்ட பத்திரமா இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார்.
பத்தாம் வகுப்பில் கணக்கு டீச்சர் பார்த்த பார்வை.
இடமும் வலமும் தலையாட்டினார்,
குழாய் ஆட, வென்டிலேட்டர் அலற.

தப்பு.

சிரிப்பு வந்துவிட்டது. மாஸ்க் இருந்ததால் பிழைத்தேன்.
ராத்திரிப் பழக்கம் விடாமல்
ஒரு விரலை உயர்த்தினேன், இரண்டாவதை,
புருவத்தையும்:
எத்தனை சொல்?

யோசித்தார்.
ஊசி குத்தி டேப் ஒட்டிய கையைப்
போர்வைக்குள்ளிருந்து எடுத்து
மூன்று விரலைக் காட்டினார்.
கஷ்டப்பட்டு இரண்டை மடக்கினார்.
முதல் சொல்.

மணி ஏழு இருபது. அடுத்த மருந்து எட்டுக்குத்தான்.
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.